ஓயாத ஒலிபெருக்கி



ஓகஸ்ட் மாதம் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய்வந்தவர்களுக்கு அங்கே கேட்கும் ஒலிபெருக்கி நினைவிருக்கும். பாலாவியில் திரும்பி, கற்பிட்டி வீதியில் நுரைச்சோலையைத் தாண்டிப் போனால் வலப்பக்கம் களப்பு, இடப்பக்கம் பெருங்கடல். சோழகக் காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கும். மரங்களுக்குக் கீழே கூடாரம் கட்டி, அங்கேயே உலை வைத்து, நாள்கணக்கில் தங்கியிருக்கும் சனம். செபத்துக்கும் பாட்டுக்கும் நடுவே ஓர் அறிவிப்பு வரும்: சிவப்புச் சட்டை போட்ட, நாலு வயது மதிக்கத்தக்க ஓர் ஆண் பிள்ளை இங்கே நிற்கிறது. சிங்களத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம். பிறகு ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் வாய் மூடியிருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எங்கோ ஒரு கூடாரத்திலிருந்து ஒரு தாய் தலைமுடி அவிழ ஓடி வருவாள்.

வேறோர் ஊரில், ஒரு கலியாண வீட்டில், இதற்கு நேர்மாறான ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஒலிபெருக்கியில் ஏதோ கோளாறு. பேசினாலும் பேசாவிட்டாலும் ஒரே கூவலாகக் கூவிக்கொண்டே இருந்தது. முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு காதைப் பொத்தினார்கள். பிறகு பழகிப்போய்விட்டது. பந்திக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டபோது ஒருவரும் எழும்பவில்லை. கூவல் நின்ற பிறகும், பக்கத்தில் இருந்தவர் பேசியது கொஞ்ச நேரத்துக்கு எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

இந்த இரண்டு ஒலிபெருக்கிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது மூளையைப் பற்றி. 'ஐஸ்' என்ற குளிர்ச்சியான பெயரோடு நம் கரையோர ஊர்களுக்குள் வந்து சேர்ந்திருக்கும் மெதம்பெட்டமைன் என்ற இரசாயனத்தைப் பற்றி.

போன ஓகஸ்டில் தலவிலவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு கடற்றொழிலாளி, ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கும், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சேர், நீங்க விஞ்ஞானம் படிப்பிச்ச ஆள்தானே? ஒரு விசயம் கேக்கணும். என்ட தங்கச்சிட மகன், பத்தொம்பது வயசு. சோழகத்துக்கு முந்தி கிழக்குப் பக்கம் ஒரு வாடிக்குத் தொழிலுக்குப் போனவன். நித்திரை வராம வேலை செய்யலாம் எண்டு யாரோ குடுத்திருக்கான். இப்ப வீட்டில இருக்கான். அத விட்டு ரெண்டு கிழமை. சண்டை இல்ல, சத்தம் இல்ல. ஆனா சிரிக்கிறானில்ல சேர். தாய் றால் சமைச்சு வச்சாலும் ஏறெடுத்துப் பாக்கிறானில்ல. இந்தச் சாமான் மூளைக்கு என்னதான் செய்யுது?"

ஒரு பிளேன்டி ஆறுவதற்குள் அவருக்கு அரைகுறையாகச் சொன்னேன். அதையே இங்கே கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன்.

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருக்கின்றன. ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதே அவற்றின் தொழில். ஆனால் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி, தலைமுடியின் தடிப்பில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கலத்துக்குள்ளே செய்தி மின்துடிப்பாக ஓடும். இடைவெளியின் ஓரத்துக்கு வந்ததும் என்ன நடக்கிறது? மின்சாரம் பொறியாகத் தாவுகிறதா, அல்லது ஏதாவது இரசாயனம் நீந்திப் போகிறதா? நூறு வருடங்களுக்கு முன் விஞ்ஞானிகள் இதற்காகவே இரண்டு கட்சியாக நின்றார்கள்.

வழக்கின் போக்கை மாற்றியது ஒரு கனவு. ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த ஒட்டோ லோவி என்ற விஞ்ஞானி, உயிர்த்த ஞாயிறு நெருங்கிய ஓர் இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ கிறுக்கிவிட்டுப் படுத்தார். விடிந்ததும் எடுத்துப் பார்த்தால் தன் கையெழுத்தே தனக்கு விளங்கவில்லை. அந்த நாள் முழுவதும் எப்படியிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அடுத்த இரவு அதே கனவு திரும்பி வந்தது. இந்தமுறை மனுசன் எழுதிக்கொண்டிருக்கவில்லை. நேரே ஆய்வுகூடத்துக்குப் போனார். இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றின் நரம்பைத் தூண்ட அதன் துடிப்புத் தளர்ந்தது. அது கிடந்த திரவத்தை எடுத்து மற்ற இதயத்துக்கு விட்டார். நரம்பே இல்லாத அந்த இரண்டாவது இதயமும் தளர்ந்தது. செய்தியைக் கொண்டு போனது திரவத்தில் கரைந்திருந்த ஓர் இரசாயனம். 1921இல் அதை வெளியிட்டார், 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த இரசாயனத்தை இன்று அசற்றைல்கொலின் என்கிறோம்.

நம் கடற்றொழிலாளியின் வாயில் இருந்த பாக்கில் அரிகோலின் என்றொரு சரக்கு உண்டு. அது மூளையிலும் உடலிலும் அசற்றைல்கொலின் போல வேடம் போடுகிறது. பீடியில் உள்ள நிக்கொட்டினும் அதே வேடம்தான், வேறொரு கதவில். பிளேன்டியில் உள்ள கஃபீனின் வழி வேறு. நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற ஒன்று சேர்ந்துகொண்டே போகும். 'களைத்துவிட்டாய், படு' என்பது அதன் செய்தி. கஃபீன் போய் அந்தச் செய்தி இறங்கும் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். களைப்பு தீர்ந்தபாடில்லை, களைப்பு என்ற சேதிதான் வந்து சேரவில்லை. ஆக அந்தக் கடை வாங்கில் இருந்த நாங்கள் இருவருமே மூளைக் கலங்களின் பேச்சுக்குள் கைவைத்துக்கொண்டுதான் ஐஸைப் பற்றிப் பேசினோம். எல்லாம் ஒரே தராசில் நிற்கும் என்று சொல்ல வரவில்லை. தேத்தண்ணிக்காக வீட்டுத் தாலியை விற்றவரை நான் கண்டதில்லை. பாக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. அன்று அவருக்கு இதையும் சொன்னேன். அவர் துப்பிவிட்டு வந்தார், ஐந்து நிமிடத்தில் மறுபடி மடித்தார்.

ஐஸ் பிடித்து ஆட்டுவது வேறொரு தூதனை. டொபமைன். வெகுகாலம் இதை ஒருவரும் பெரிதாக மதிக்கவில்லை. இன்னொரு இரசாயனம் உண்டாகும் வழியில் வரும் ஒரு படி, அவ்வளவுதான் என்றிருந்தார்கள். 1957இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். முயல்கள் காது தொங்க, அசையாமல் கிடந்தன. பிறகு டொபமைனாக மாறக்கூடிய ஒரு பொருளை ஊசியால் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் காதை நிமிர்த்தித் துள்ளத் தொடங்கின. டொபமைன் இல்லையென்றால் கை கால் இருந்தும் எழும்ப மனம் வராது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு. ரெசர்பின் வேறெங்கிருந்தும் வந்ததல்ல. நம் வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாவித்த சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுத்தது. அந்தச் சர்ப்பகந்தியிடம் நான் திரும்பி வருவேன்.

டொபமைன் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம் புத்தளம் களப்பே போதும். இந்தக் கரை ஒரு நரம்புக்கலம், அந்தக் கரை இன்னொன்று. இந்தக் கரையில் டொபமைனைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி அடுக்கியிருக்கிறது. மின்துடிப்பு வந்ததும் சில பைகள் வாய் திறந்து களப்புக்குள் கொட்டும். எதிர்க்கரையில் அதைப் பிடிக்க நிற்பவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் 'வாங்கிகள்' என்றே பெயர். கரையில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாங்கி தொட்டால் செய்தி சேர்ந்தது. ஆனால் அது டொபமைனை வைத்துக்கொள்வதில்லை, தொட்டு விட்டுவிடும்.

விட்டது எங்கே போகும்? முந்தின கரையிலிருந்தே சிறு வள்ளங்கள் வந்து, மிதப்பதை அள்ளி ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும். அவை உண்மையில் கலத்தின் சுவரில் பதிந்திருக்கும் புரதங்கள், வள்ளம் என்பது என் வசதிக்குச் சொல்வது. கொண்டுவந்ததை மறுபடி பையில் கட்டிவைப்பார்கள். கட்டாமல் வெளியே கிடந்தால் அதைச் சிதைத்து அழிக்க ஒரு நொதியமும் காவலுக்கு நிற்கிறது. எல்லாம் ஒரு செக்கனுக்குள் முடிந்துவிடும். களப்பு வெறுமையானால்தான் அடுத்த தடவை கொட்டுவது புதுச் செய்தியாகத் தெரியும். திருவிழா ஒலிபெருக்கி அறிவித்துவிட்டு வாய் மூடியதே, அந்த மௌனத்தை இங்கே உண்டாக்குபவை இந்த வள்ளங்கள்.

கொக்கெயின் இந்த வள்ளங்களைக் கட்டிப்போடுகிறது. கொட்டிய டொபமைன் அள்ளுவாரின்றி மிதந்துகொண்டே இருக்கும். இதுவே பெரிய அநியாயம். ஐஸ் இதைவிடத் தந்திரமானது. பார்வைக்கு அது டொபமைனின் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. வள்ளம் ஏமாந்து அதையும் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்துவிடும். உள்ளே இறங்கியதும் முதல் வேலை, கட்டி வைத்த பைகளைக் கசியவைப்பது. காவலுக்கு நின்ற நொதியத்தின் கையையும் கட்டிப்போடும். கடைசியில் வள்ளங்களின் திசையே மாறிப்போகும். அள்ளிவர வேண்டிய வள்ளம் உள்ளே சிந்திக் கிடக்கும் டொபமைனை ஏற்றிக்கொண்டு போய்க் களப்பில் கொட்டும். மின்துடிப்பும் வரவில்லை, சொல்வதற்கு ஒரு செய்தியும் இல்லை. வெறும் கொட்டுதல்.

இப்போது சர்ப்பகந்தி. ரெசர்பின் போய்த் தாக்குவதும் அதே பைகளைத்தான். டொபமைனைப் பைக்குள் ஏற்றும் புரதத்தை அது முடக்கிவிடும். பைகள் வெறுமையாகும். ஆனால் அங்கே காவல்காரன் விழித்திருப்பதால், வெளியே கிடந்தது சத்தமில்லாமல் அழிந்துபோகும். முயல் படுத்துக்கொள்ளும். ஐஸில் காவல்காரன் கட்டுண்டு கிடக்க, எல்லாம் வெளியே கொட்டுவதால் மனிதன் துள்ளுகிறான். கொட்டி முடிந்த பிறகு, அவனும் அந்த முயலின் இடத்துக்குத்தான் வந்து சேர்கிறான். இரத்த அழுத்தத்துக்கு ரெசர்பின் எடுத்தவர்களில் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக வைத்தியர்கள் அந்த நாளில் எழுதி வைத்தார்கள். றால் கறியை ஏறெடுத்துப் பார்க்காத அந்தப் பிள்ளையை நினைக்கும்போது எனக்கு அந்த முயல்களின் தொங்கிய காதுதான் ஞாபகம் வந்தது.

எவ்வளவு கொட்டுகிறது என்று கேட்பீர்கள். எலிகளின் மூளையில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பசித்த எலி நல்ல தீன் தின்னும்போது டொபமைன் வழமையைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஐஸின் நெருங்கிய உறவான அம்பெட்டமைன் கொடுத்தால் பத்து மடங்கு வரை போகும். கொக்கெயினில் பாதி இரத்தத்திலிருந்து நீங்க ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். ஐஸில் பாதி நீங்கப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம். ஓர் இரவு முழுக்கக் கூவும் ஒலிபெருக்கி.

கலியாண வீட்டில் சனம் என்ன செய்தது? காதைப் பொத்தியது. எதிர்க்கரையின் வாங்கிகளும் அதையே செய்கின்றன. நாள்கணக்கில் இந்த இரைச்சல் தொடர்ந்தால் ஒன்றொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும். மூளையைப் படம் பிடிக்கும் PET என்ற முறையில், நீண்டநாள் பாவித்தவர்களின் மூளையில் டொபமைன் வாங்கிகளும் குறைந்திருக்கின்றன, வள்ளங்களும் குறைந்திருக்கின்றன. கலத்துக்குள்ளே சிந்திய டொபமைன் ஒட்சியேற்றமடைந்து நரம்பு நுனிகளையே அரிப்பதையும் விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். பொத்திய காதுக்கு, தாய் சமைத்த றால் ஒன்றரை மடங்கில் மெல்லச் சொல்வது எப்படிக் கேட்கும்? அவன் நன்றி கெட்டவன் இல்லை. அவனுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

"நித்திரை வராம வேலை செய்யலாம்" என்ற அந்த வார்த்தைக்கும் பெரிய வரலாறு இருக்கிறது. மெதம்பெட்டமைனை முதலில் செய்தவர் ஜப்பானின் நாகாய் நாகயோஷி, 1893இல். 1919இல் அகிரா ஒகாதா அதைப் பளிங்காக்கினார். 1938இல் ஜேர்மனியில் பெர்விடின் என்ற பெயரில் குளிசையாக விற்றார்கள், அடுத்த வருடம் தொடங்கிய போரில் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். ஜப்பானில் 1941இல் கடைக்கு வந்த குளிசையின் பெயர் பிலோபொன். உழைப்பை நேசிப்பது என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரை வைத்தார்களாம். பெயர் வைத்தவர் கெட்டிக்காரர்! போர் முடிந்ததும் மிச்சக் கையிருப்புச் சந்தைக்குள் இறங்கி, நாடு முழுக்க அடிமைகள் பெருகி, 1951இல் அதற்கென்றே தனிச் சட்டம் போடவேண்டி வந்தது. தொழிலாளியின் களைப்பை விற்றுப் பிழைப்பது கிழக்குக் கரை வாடியில் தொடங்கியதல்ல.

இரண்டு மூன்று இரவு தூங்காமல் இருந்தால் ஐஸின் துணையில்லாமலே மனம் தடுமாறும். இரண்டும் சேர்ந்தால் சந்தேகம் முளைக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பதாகத் தெரியும், தோலுக்குக் கீழே புழு நெளிவதாகத் தெரியும். இதயம் தாறுமாறாக அடிக்கும், உடல் சூடேறும். இதைப் பற்றி வைத்தியர்கள் அடிக்கடி பேசுகிறார்கள், நான் நீட்டவில்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்லவேண்டும். கவனக்குறைபாடு உள்ள சில பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் மெதைல்பெனிடேட் என்ற மருந்தைத் தருவதுண்டு. அதுவும் வள்ளங்களைத் தடுக்கும் மருந்துதான். இந்த உரையைக் கேட்டுவிட்டு நாளைக்கே அதை நிறுத்திவிடாதீர்கள். வாயால் விழுங்கும் குளிசை மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும், அளவும் சின்னது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கொஞ்சம் சரிசெய்வது போல. ஐஸைப் புகையாக இழுத்தால் சில செக்கன்களில் ஏறிவிடும். எவ்வளவு என்பதைப் போலவே எவ்வளவு வேகம் என்பதும் அடிமைத்தனத்தைத் தீர்மானிக்கிறது.

கடையில் அவர் அடுத்ததாகக் கேட்டது, "திரும்பத் தொழிலுக்கு அனுப்பினா மறந்திடுவானா?"

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. காரணம் ஒரு குரங்குக் கதை. வொல்ப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்கின் டொபமைன் கலங்கள் எப்போது துடிக்கின்றன என்று பார்த்தார். முதலில், வாயில் பழச்சாறு விழுந்ததும் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிட்டது. சாறு விழும்போது பேசாமல் இருந்தன. டொபமைன் இன்பத்தின் சுவை என்பதைவிட, இன்பம் வரப்போகிறது என்று சொல்லும் கட்டியக்காரன் என்பது பொருத்தம். அந்தப் பிள்ளைக்கு விளக்கு எது? வாடியின் தகரக் கதவு, இரவு இரண்டு மணி, இயந்திர எண்ணெய் மணம், கொடுத்தவனின் மோட்டார் சைக்கிள் சத்தம். மனம் திருந்தி, நேர்த்தி வைத்து, மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போனாலும் அந்தத் தகரக் கதவைக் கண்டதும் கலங்கள் துடிக்கும். அதை மனவுறுதி இல்லாமை என்று ஏசுவது சுலபம்.

அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் பொலிஸ் வருமா என்ற பயம். 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம் என்று ஊரெல்லாம் தெரியும். ஆனால் இந்தப் பிள்ளைக்கு வேண்டியது வைத்தியம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம் என்றேன். மனம் மிகவும் தளர்ந்திருந்தால், சாகவேண்டும் போலிருக்கிறது என்று சொன்னால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926. வெற்றிலைப் பையிலிருந்து ஒரு சுண்ணாம்புக் கறைபட்ட காகிதத்தை எடுத்து எழுதிக்கொண்டார்.

ஹெரோயினுக்கு மாற்று மருந்து இருப்பதுபோல ஐஸுக்கென்று அங்கீகரித்த மருந்து இன்னும் இல்லை. பேசிப் பேசி, நாளுக்கு நாள் சின்னச் சின்ன ஊக்கம் கொடுத்து, விலகியிருந்த ஒவ்வொரு கிழமைக்கும் ஏதாவது பரிசு கொடுத்து நடத்தும் முறைதான் இதுவரை நல்ல பலன் தந்திருக்கிறது. மூளை திரும்புமா? நோரா வொல்கோவும் அவருடைய சகாக்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்துக்கு மேல் ஐஸைத் தொடாமல் இருந்தவர்களின் மூளையில் குறைந்துபோன வள்ளங்கள் பெருமளவு திரும்பியிருந்தன. ஆனால் நினைவாற்றல் சோதனையிலும் கை கால் அசைவுச் சோதனையிலும் அந்த அளவுக்கு முன்னேற்றம் தெரியவில்லை. பார்த்தது சிலரையே, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஒரு வருசமா?" என்றார்.

"ஒரு வருசத்துக்கு மேல. முதல் கிழமையில கிடந்து நித்திரை கொள்ளுவான், நிறையத் தின்னுவான். பிறகுதான் இந்த மந்தம். தாயிட்டச் சொல்லுங்க, சிரிக்காட்டி கோவிக்க வேணாம். றாலை வைக்கட்டும், வைக்கிறத விட வேணாம்."

அவர் கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓகஸ்டில் அந்தக் கடலில் வள்ளம் இறக்க முடியாது, வெள்ளை வெள்ளையாக நுரை அடித்துக்கொண்டிருந்தது. கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கி ஏதோ அறிவித்துவிட்டு நின்றது.

"அப்ப வாடிக்கு விடமாட்டன்," என்றார். "ஒக்டோபர்ல இங்க கரைவலை இறங்கும். பகல் தொழில். ராவைக்கு வீடு. வலை நடத்துற நம்ம மன்றாடிட்டச் சொல்லி, கயிறு இழுக்க என்ட பக்கத்தில நிப்பாட்டிக்கிறன்."

அது போதுமா என்று கேட்டார். வைத்தியரிடமும் போகவேண்டும் என்றேன். திங்கட்கிழமை புத்தளத்துக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கடைக்காரரிடம் விசாரிக்கத் தொடங்கினார்.